மருந்துக்கடைக்காரன் வயிறு

மாயவரம் பக்கத்துக் குத்தாலம் கடைத்தெருவில் நான் மருந்துக்கடை வைத்து இருபத்திரண்டு வருடமாகிறது. இங்கே அதிகம் விற்பது காய்ச்சல் மாத்திரையோ சளி மருந்தோ இல்லை. வயிற்று மாத்திரைதான். நெஞ்சு கரிக்கிறவர், எதுக்களிக்கிறவர், சாப்பிட்டால் உப்பிக்கொள்கிறவர், சாப்பிடாவிட்டால் எரிகிறவர் என்று பலவிதமாக வருவார்கள். ஆனால் கடை முன்னால் வந்து நின்றதும் எல்லோரும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்: "கேஸ்." நானும் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டி, இரண்டாவது தட்டிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கொடுப்பேன். "காலைல வெறும் வயித்துல ஒண்ணு போடுங்க. டீயக் குறைச்சுக்குங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க." இதைச் சொல்லி முடிக்கும்போது எதிர்க்கடையிலிருந்து எனக்கு டீ வந்திருக்கும். அது அன்றைக்கு நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ இருக்கும்.

அதே தட்டிலிருந்து நானும் தினம் ஒன்று போட்டுக்கொண்டிருந்தேன். பதினோரு வருடம். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு தீபாவளிக்கு மறுநாள் மேல் வயிறு எரிந்தது, போட்டேன், நின்றது. அதற்கடுத்த நாள் எரியவில்லை, ஆனாலும் போட்டேன். பிறகு பல் துலக்குவது போல அதுவும் ஒரு காலைக் காரியமாகிவிட்டது. எனக்கு என்ன நோய் என்று கேட்டிருந்தால் நானும் "கேஸ்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

பக்கத்து ஜவுளிக்கடை பாய் நாகூர்க்காரர். பல வருடம் வளைகுடா நாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்து, பெண் எடுத்த ஊரிலேயே கடை போட்டவர். நான் வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்வார்.

"எனக்கும் இப்படித்தான் அண்ணே இருந்துச்சு. அங்க ஒரு குழாயில ஊதச் சொன்னாங்க. வயித்துச் சுவத்துலயே குடியிருக்குற கிருமியாம். இருக்குன்னு சொல்லி ரெண்டு வாரம் மருந்து குடுத்தாங்க. அதோட போச்சு. நீங்களும் ஒரு தடவ ஊதிப் பாத்துருங்க."

அந்தக் கிருமியின் பெயர் எனக்குத் தெரியும். டிப்ளமோ படித்தபோது அதைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். ஹெலிகோபாக்டர் பைலோரை. அமிலத்திலேயே பிழைத்துக் கிடப்பது, வருடக்கணக்கில் இரைப்பையைப் புண்ணாக்குவது, எல்லாம் மனப்பாடம். படித்ததெல்லாம் பிறர் வயிற்றைப் பற்றி என்று நினைத்துவிட்டேன், அவ்வளவுதான். ஒருநாள் சாப்பிடும்போது பாய் சொன்னதை மனைவியிடம் வேடிக்கை போலச் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "ஊதுறதுன்னா போலீஸ்காரங்க ஊதச் சொல்றதுங்களா? பாய் அந்தப் பக்கமே போக மாட்டாரே" என்றாள். விளக்கிச் சொன்னேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அதன் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்தத் தை மாதம் சம்பா அறுத்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். மனைவி வழியில் வந்த மூன்று மா, கிட்டத்தட்ட ஒரு ஏக்கர், நிலம் எங்களுக்கு உண்டு. எங்களுக்கு முன்னால் பெரிய வரிசை. வானமோ மூட்டம் போட்டிருந்தது. நெல்லைக் குவித்து, தார்ப்பாய் போட்டு, தூறல் விட்டதும் தார்ப்பாயை எடுத்துக் காயவிட்டு, மறுபடி மூடி, நான்கு நாள் அங்கேயே கிடந்தேன். கல்லாவில் உட்கார்ந்தே பழகிய இடுப்பு. இரண்டாம் நாளே பிடித்துக்கொண்டது. சட்டைப் பையில் வலி மாத்திரை இருந்தது. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று டீயோடு விழுங்கினேன். வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடாதீர்கள் என்று இருபத்திரண்டு வருடமாக அட்டையின் மேல் பேனாவால் எழுதிக் கொடுக்கிறவன் நான்.

நான்காம் நாள் காலை, மனைவி தூக்குவாளியில் இட்லி கொண்டு வந்திருந்தாள். ஒரு வாய் வைத்ததும் எழுந்து ஓடி, வாய்க்கால் ஓரத்தில் வாந்தி எடுத்தேன். காபித்தூளைக் கரைத்துக் கொட்டியது போல இருந்தது. வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று அதற்கு அர்த்தம். எனக்கு நன்றாகத் தெரியும். வேறு யாராவது கடைக்கு வந்து இப்படிச் சொன்னால், பேசிக்கொண்டு நிற்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருப்பேன். பின்னாலேயே வந்து நின்ற மனைவியிடம், "ஒண்ணுமில்ல, வெயில்" என்றேன்.

அவள் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து சூரியனே வரவில்லை. பிறகு தரையைப் பார்த்தாள். பக்கத்துக் குவியல்காரரிடம் எங்கள் நெல்லைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, காருக்கு போன் செய்தாள்.

தஞ்சாவூரில் ஒரு வயிற்று டாக்டர். எங்கள் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். நாடியைப் பார்த்து, கண் இமையை இழுத்துப் பார்த்து, என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப நீங்களே சொல்லுங்க. என்னென்ன மாத்திரை போடுறீங்க?"

"பெரிசா ஒண்ணுமில்லைங்க. காலைல ஒரு பேன்டாப்ரசோல். அவ்வளவுதான்."

"எத்தனை நாளா?"

"பதினோரு வருஷமா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யார் எழுதிக் குடுத்தாங்க?"

நான் சுவரில் மாட்டியிருந்த இரைப்பைப் படத்தைப் பார்த்தேன். நல்ல ரோஜா நிறம். மனைவிதான் பதில் சொன்னாள்: "அவரே குடுத்து, அவரே வாங்கிக்கிட்டாருங்க."

என்னைப் படுக்கவைத்து ரத்தப் போக்கை அடக்கினார்கள். மறுநாள் தொண்டை மரத்துப்போக மருந்தடித்து, கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டார்கள். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, நர்ஸ் "முடிஞ்சுது, முடிஞ்சுது" என்று முடியாதபோதே சொல்லிக்கொண்டிருந்தார். வயிற்றுச் சுவரெல்லாம் சிவந்து, அங்கங்கே தோலுரிந்தது போலப் புண். ஓரிரு இடத்தில் கிள்ளி எடுத்து, ஒரு துணுக்கை மஞ்சள் நிறப் பசைக்குள் வைத்தார்கள். கிருமி இருந்தால் பசை ரோஜா நிறமாக மாறும். மாறவில்லை.

எனக்கு உள்ளுக்குள் பெரிய சந்தோஷம். கட்டிலிலிருந்தே பாய்க்குப் போன் போட்டேன். "நீங்க சொன்னது எனக்கு இல்ல பாய். பாத்துட்டாங்க. நெகடிவ்." இரைப்பையிலிருந்து ரத்தம் வந்து படுத்துக் கிடப்பவன் போல என் குரல் இல்லை. தேர்தலில் ஜெயித்தவன் குரல் போல இருந்தது.

அன்று சாயங்காலம் டாக்டர் வந்து அந்தச் சந்தோஷத்தை எடுத்துவிட்டார். "நீங்க போடுற மாத்திரை இருக்குற வரைக்கும் அந்தக் கிருமி அடங்கி ஒடுங்கி இருக்கும் சார். டெஸ்ட்டுல மாட்டாது. இல்லைன்னு வந்ததுக்கு, இல்லைன்னு அர்த்தம் கிடையாது." கிள்ளியெடுத்த சதையின் ரிப்போர்ட் பின்னால் வந்தது. நாள்பட்ட இரைப்பை அழற்சி. அப்புறம் அவர் ஒரு திட்டம் சொன்னார். முதலில் இரண்டு மாதம் மாத்திரை போட்டுப் புண்ணை ஆற்ற வேண்டும். வலி மாத்திரை பக்கமே போகக்கூடாது. பிறகு வயிற்று மாத்திரையை முழுசாக இரண்டு வாரம் நிறுத்த வேண்டும். அதன் பிறகு வந்து ஊத வேண்டும்.

"நிறுத்தினா முதல்ல கொஞ்ச நாள் முன்னைவிட அதிகமா எரியும். பொறுத்துக்கணும். முடியலைன்னா அந்த வெள்ளை டானிக் மட்டும் குடிக்கலாம். மாத்திரை கூடாது."

"தெரியும் டாக்டர்" என்றேன். தெரியும்தான்.

இரண்டு மாதம் ஒழுங்காகப் போனது. நிறுத்திய மூன்றாம் நாள் தொடங்கியது. காலையில் கண் விழிக்கும்போதே தொண்டைக்குழி வரை புளித்தது. இட்லியும் எரிந்தது, மோரும் எரிந்தது, சும்மா இருந்தாலும் எரிந்தது. கடைக்குப் போனால் முதல் ஆள் வந்து "கேஸ்" என்பார். நான் கையை நீட்டி அட்டையை எடுத்து, அவர் கையில் கொடுத்து, அது போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சர்க்கரை நோய் வந்த மிட்டாய்க் கடைக்காரர்கள்பால் எனக்கு அப்போதுதான் அனுதாபம் பிறந்தது.

என் முகத்தைப் பார்த்தே மனைவிக்குச் சந்தேகம். ஐந்தாம் நாளிலிருந்து வீட்டு வேலையை முடித்துவிட்டு அவளும் கடைக்கு வந்துவிட்டாள். இரண்டாவது தட்டுக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். அந்தத் தட்டுக்கு வருகிற ஆட்களை அவளே பார்த்துக்கொண்டாள். அதோடு விடவில்லை. தஞ்சாவூரில் கேட்டதையெல்லாம் நினைவு வைத்திருந்தாள்.

"எத்தனை நாளா இருக்கு? மலம் கறுப்பாப் போகுதா? எடை குறைஞ்சிருக்கா? டெஸ்ட் ஏதாவது எடுத்தீங்களா?"

மாத்திரை வாங்க வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் ஷட்டரைப் பார்ப்பேன். சிலர் வாங்காமலே போனார்கள். ஒருவர் மட்டும் நின்று நிதானமாக எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, டாக்டரின் விலாசத்தை வாங்கிக்கொண்டு போனார்.

ஒன்பதாம் நாள் சரக்கு எடுக்க மாயவரம் போக வேண்டியிருந்தது. போகும் வழியெல்லாம் எரிந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், என்னைத் தெரியாத ஒரு மருந்துக்கடையில் போய் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தக் கடைக்காரர் கேட்டார்:

"என்ன, கேஸா?"

"ஆமாங்க."

அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி அட்டையை எடுத்து வைத்தார். "காலைல வெறும் வயித்துல போடுங்க. டீயக் குறைங்க."

"சரிங்க" என்று பணிவாகச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அந்த இடத்திலேயே தண்ணீர் பாட்டில் வாங்கி ஒன்றை விழுங்கினேன். பேருந்து குத்தாலம் வருவதற்குள் எரிச்சல் பாதி அடங்கிவிட்டது. அவ்வளவு சீக்கிரம் அந்த மாத்திரை வேலை செய்யாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அடங்கியது. இறங்கியதும், ஸ்டாண்டில் விட்டிருந்த என் பைக் சீட்டுக்கு அடியில் அட்டையை வைத்தேன். அடுத்த இரண்டு நாளும் அந்த சீட்டைத் திறந்தேன்.

குறித்த நாளில் தஞ்சாவூர் போனோம். டாக்டர் பேப்பரை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டார்: "ரெண்டு வாரமா அந்த மாத்திரை போடலையே?"

"ஒண்ணுகூட இல்லைங்க டாக்டர். நானே கடையில உக்காந்து பாத்துக்கிட்டேன்" என்றாள் மனைவி. ஒரு மாட்டைக்கூட உள்ளே விடாமல் வயலைக் காவல் காத்து அறுத்தவள் போலச் சொன்னாள். டாக்டர் எழுதத் தொடங்கினார். நான் சும்மா இருந்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

"ஒண்ணு போட்டேன் டாக்டர்."

பேனா நின்றது.

"ஒண்ணு இல்ல. மூணு."

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "சொன்னது நல்லதாப் போச்சு சார். சொல்லாம ஊதியிருந்தா இல்லைன்னு வந்திருக்கும். நீங்களும் சந்தோஷமா வீட்டுக்குப் போயிருப்பீங்க, கிருமியும் உள்ள சந்தோஷமா இருந்திருக்கும். மறுபடி ரெண்டு வாரம். இன்னிலேருந்து."

கும்பகோணம் வரை மனைவி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வண்டி மாறி குத்தாலம் பஸ்ஸில் உட்கார்ந்ததும், முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "எனக்கும் எரியும்."

எனக்குப் புரியவில்லை. "என்னது?"

"வயிறு. எனக்கும் இதே இடத்துலதான் எரியும். நானும் பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எப்பலேருந்து?"

"பொண்ணு காலேஜ் சேர்ந்த வருஷத்துலேருந்து."

மகள் படித்து முடித்து, கல்யாணமாகி, சென்னையில் குடித்தனம் நடத்துகிறாள். மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்து, "என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றேன்.

"சொன்னேன். வயித்தெரிச்சலா இருக்குன்னு எத்தனையோ தடவ சொன்னேன். நீங்க, 'யாரப் பாத்து?'ன்னு கேட்டீங்க."

கேட்டிருக்கிறேன். அவள் நாத்தனார் வீடு கட்டியபோது கேட்டேன். எதிர் வீட்டில் கார் வாங்கியபோது கேட்டேன். அது நல்ல நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தும் இருக்கிறேன். கடைக்கு வருகிற எவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் அரை நொடியில் தெரிந்துகொள்கிற எனக்கு, வீட்டில் ஒருத்தி அடுப்பு மேடையில் வயிற்றை அழுத்திக்கொண்டு நிற்பது தெரியவில்லை. "மாத்திரையாவது எடுத்துப் போட்டிருக்கலாமே" என்று கேட்டேன். "அது விக்கிற சாமானாச்சே" என்றாள். பதினோரு வருடமாக அந்த விக்கிற சாமானைத் தின்றவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அதை அவள் குத்தலாகக்கூடச் சொல்லவில்லை.

அடுத்த இரண்டு வாரம் நான் ஒன்றையும் தொடவில்லை. பைக் சீட்டுக்கு அடியிலிருந்த மிச்ச அட்டையை நானே எடுத்து அவளிடம் கொடுத்தேன். எரியும்போது இருவரும் ஆளுக்கு இரண்டு ஸ்பூன் வெள்ளை டானிக் குடித்தோம். "இப்ப எப்படி இருக்கு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு விசாரித்துக்கொண்டதில்லை.

இருவரும் வெறும் வயிற்றோடு போய் வரிசையில் உட்கார்ந்தோம். ஒரு காப்ஸ்யூலை விழுங்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் காத்திருக்க வைத்தார்கள். பிறகு ஒரு சின்ன அட்டையில் பொருத்தியிருந்த குழாயில் ஊதச் சொன்னார்கள். மனைவி கன்னத்தை உப்பிக்கொண்டு, அடுப்பு ஊதுகிறவள் போல ஊதினாள். இருவருக்கும் பாசிடிவ். என்னிடமிருந்து அவளுக்குப் போனதா, அவளிடமிருந்து எனக்கு வந்ததா, இல்லை சின்ன வயதிலேயே தனித்தனியாக வாங்கிவந்ததா என்று கேட்டேன். சின்ன வயதில் ஒட்டிக்கொள்வதுதான் அதிகம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அது தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பது போல மனைவி என்னைப் பார்த்தாள்.

பதினான்கு நாள் மருந்து. இரண்டு ஆன்டிபயாடிக்கும் கூடவே அந்தப் பழைய வயிற்று மாத்திரையும், இந்த முறை டாக்டர் கையெழுத்தோடு. வாயெல்லாம் ஆணியைச் சப்பியது போலக் கசந்தது. ரசம் கசந்தது, தண்ணீர் கசந்தது. மனைவி ஒரு வேளைகூடத் தவறவில்லை. நாட்காட்டியில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு முடித்தாள். நானும் முடித்தேன்.

ஒரு மாதம் விட்டு, மாத்திரை நிறுத்தி, மறுபடி ஊதினோம். அவளுக்குப் போய்விட்டது. எனக்குப் போகவில்லை.

"சளி, காய்ச்சல்னா நீங்களே ஆன்டிபயாடிக் எடுத்துப் போட்டுக்குற பழக்கம் உண்டா சார்?" என்று டாக்டர் கேட்டார். உண்டு. ஒரு தும்மலுக்கு ஒரு அட்டையைப் பிரிப்பேன், மறுநாள் சரியாகிவிட்டால் மிச்சத்தை மேசை டிராயரில் போடுவேன். அந்த மிச்சமெல்லாம் என் வயிற்றுக் கிருமிக்குப் பயிற்சியாகிவிட்டிருக்கும் என்றார். வாழ்நாளில் ஆன்டிபயாடிக்கையே தொடாத மனைவிக்கு முதல் மருந்திலேயே குணமாகிவிட்டது. மருந்தைத் தெரிந்தவனுக்கு மருந்து கேட்கவில்லை.

இரண்டாவது தடவை வேறு மருந்துக் கூட்டு. ஒரு நாளைக்கு நான்கு வேளை. நாக்கு கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. பாய் கடைக்கு வந்து, காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "எனக்கு இவ்வளவு கறுக்கலையே அண்ணே" என்று வருத்தப்பட்டார். அவரிடம் அப்போதுதான் சொன்னேன், முதலிலேயே உங்கள் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும் என்று. "விடுங்க, யாவாரம் செய்யிற ஆளுக்கு நேரம் ஏது" என்று எனக்காக அவரே ஒரு சமாதானம் சொன்னார்.

மழைக்காலம் தொடங்கும்போது மூன்றாம் முறை ஊதினேன். இல்லை என்று வந்தது. இந்த முறை அதற்கு இல்லை என்றே அர்த்தம். ஆனால் வருடக்கணக்கில் வெந்துபோன வயிற்றுச் சுவர் ஒரே நாளில் புதிதாகிவிடாது. மறுபடி ஒருமுறை குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறேன். வலி மாத்திரை கிடையாது, டீ காலையில் ஒன்று. இடுப்பு வலித்தால் வெந்நீர் ஒத்தடம். மனைவி கடைக்கு வருவதை நிறுத்தவில்லை. இரண்டாவது தட்டு அவள் பொறுப்பிலேயே இருக்கிறது. கேள்வி பிடிக்காதவர்கள் வேறு கடைக்குப் போகிறார்கள். பெண்கள் அவளைத் தேடி வருகிறார்கள். நான் கடையில் தனியாக இருந்தால், "அக்கா இல்லீங்களா? அப்ப அப்புறமா வர்றோம்" என்று திரும்பிப் போகிறார்கள்.

போன வாரம் வேதாரண்யத்தில் ஒரு உறவுக் கல்யாணம். பந்தியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். வத்தக்குழம்பு கொண்டுவந்தவர் என் இலைக்கு மேல் கரண்டியை நீட்டினார்.

"அவருக்கு வேணாங்க. இங்க ஊத்துங்க" என்றாள் மனைவி.

ஊற்றினார். அவள் ஒரு மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டு, நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டாள். இன்னொரு கரண்டியும் கேட்டு வாங்கினாள். நான் நெய்யும் பருப்பும் போட்ட சோற்றை மென்றுகொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன்.

"எரியலையா?" என்றேன்.

"இல்லீங்க" என்றாள் வாயில் சோற்றோடு. "நல்லா இருக்கு."